என் தங்கை நடிக்கவில்லை

போன மாதம் என் வீட்டுக்கு இரண்டு கூட்டம் வந்தது. முதலில் வந்தவர்கள் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் ஜெபக்குழுக்காரர்கள். வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்து ஹாலில் கூடி, கைதட்டிப் பாடி, கடைசியில் கைகளை உயர்த்திக்கொண்டு யாருக்கும் விளங்காத பேச்சில் ஜெபிக்கிறார்கள். அதைப் பரவசப் பேச்சு என்றும் ஆவியானவரின் வரம் என்றும் சொல்கிறார்கள். பங்குச் சாமியாரும் சேர்ந்து கைதட்டுகிறார். இந்த வட்டாரத்தில் முதன்முதல் அந்த வரத்தைப் பெற்றவர் உங்கள் தங்கைதானாமே, அதைச் சாட்சியாக எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் வந்தவர்கள் அந்தக் கைதட்டலைச் சகிக்காதவர்கள். பெரும்பாலும் என்னிடம் படித்தவர்கள். அவர்களும் அதே தங்கையைப் பற்றித்தான் கேட்டார்கள். நீங்கள் லத்தீன் தெரிந்தவர், அந்தக் காலத்திலேயே உட்கார்ந்து கேட்டுவிட்டு இது வெறும் நடிப்பு என்று கோயிலில் சொன்னீர்களாம், அதை எழுதிக் கொடுங்கள், பங்குப் பத்திரிகையில் போடுகிறோம் என்றார்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் காப்பி கொடுத்தேன். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். எழுதித் தருகிறேன், ஆனால் நீங்கள் கேட்டதை அல்ல. பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் வேறு எங்காவது போட்டுக்கொள்கிறேன். இந்த வயதில் நான் யாருக்கும் பயந்து எழுத வேண்டியதில்லை. பயந்து பேசிய ஒரு நாள் போதும்.

யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ரேஷன் முடியாத வருஷங்கள் அவை. ஆண்டிமடத்துக்கும் வரதராசன்பேட்டைக்கும் நடுவில், முந்திரிக்காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். நான் சாமியாராகப் போகக் குருமடத்தில் லத்தீன் படித்துப் பாதியில் திரும்பி வந்தவன். ஊரில் முகத்துக்கு நேரே வாத்தியார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் அரைச்சாமி என்பார்கள். பங்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிறு மாலையில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். அப்பா இல்லை. அம்மாவும் தங்கையும் சீசனில் முந்திரிக்கொட்டை வறுத்து உடைப்பார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டுத் தங்கையின் விரல் நுனிகள் எப்போதும் வெந்து கறுத்திருக்கும்.

அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். பையன் பெரம்பலூரில் வாத்தியார். ஏலாக்குறிச்சி மாதா திருநாளில் தேருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவனை அவளே பார்த்திருந்தாள். பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல், பெரம்பலூரில் ரயில் சத்தம் கேட்குமா என்று என்னிடம் கேட்டாள். அங்கே ரயிலே கிடையாது என்றேன். "போவுது. பஸ்ஸு சத்தமாவது கேக்கும்ல" என்றாள். அவளுக்கு அந்தக் கல்யாணத்தில் எவ்வளவு ஆசை என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

ரயில் சத்தம் அவள் காதில் ஏறியது அரியலூரில். அங்கே எங்கள் சித்தப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். சின்னம்மாவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக அவளை அனுப்பியிருந்தோம். பக்கத்து வீட்டில் பெந்தெகொஸ்தே ஜெபம் நடக்கும். நகை போடாத, வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் வருவார்கள். ஊரில் எல்லோரும் அவர்களை அல்லேலூயாக்காரர்கள் என்று கேலி செய்வோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அந்த ஜெபத்தை இவள் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை உள்ளேயும் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது ஆளில் எந்த மாற்றமும் இல்லை. தோடு காதில் இருந்தது, ஜெபமாலை கையில் இருந்தது.

அது முதலில் வந்தது எங்கள் வீட்டில்தான். மாலையில் ஜெபமாலை முடிந்து மாதா பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தோம். நான் முன்னால் சொல்ல, அவர்கள் இருவரும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பதில் சொல்லி வந்தார்கள். ஒரு இடத்தில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. தங்கையின் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது. கத்தல் இல்லை, ஆட்டம் இல்லை. ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வெகுதூரம் போயிருந்த ஒருவருக்கு வீட்டு விஷயங்களை விவரித்துச் சொல்வது போல இருந்தது. தமிழ் இல்லை. எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றாள். அம்மா அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, வெளியே மூச்சு விடக்கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினாள்.

கல்யாணத்துக்கு முன் எங்கள் கோயிலில் ஓலை வாசிப்பது வழக்கம். மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் வாசிப்பார். முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது ஓலை இஸ்பிரீத்து சாந்து திருநாளில் விழுந்தது. பரிசுத்த ஆவியை அப்போது நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அன்று சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்து, கோயில் முழுக்கத் தலை குனிந்திருந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் குரல் கிளம்பியது. முக்காட்டுக்குள்ளிருந்து, அதே நிதானத்தில். மாப்பிள்ளையின் பெரியப்பா ஓலை கேட்க வந்து முன்வரிசையில் முட்டி போட்டிருந்தார்.

அன்று மதியத்துக்குள் ஊரில் இரண்டு தீர்ப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் பேய் என்றார்கள். முந்திரிக்காட்டில் எந்த மரத்தடியில் பிடித்தது என்பது வரைக்கும் சொன்னார்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்த பக்கத்துக் கொல்லைக்காரி ஒருத்தி, இந்து, ஆத்தா வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, மஞ்சள் தண்ணியும் வேப்பிலையுமாக வந்துவிட்டாள். தங்கை முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா வந்தா வரட்டும் போனா போவட்டும் தங்கச்சி. என் எரும ரெண்டு நாளா காணும். எந்தத் தெசைன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

"எரும போன தெச எருமைக்குத்தான்க்கா தெரியும். எனக்கு என் வாயில வந்ததே என்னன்னு தெரியல."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இப்போது நினைத்தால், அந்த நாட்களில் அவள் சொன்ன பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டு போனவள் அந்த எருமைக்காரி ஒருத்திதான்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. பேயாக இருந்தால் ஏலாக்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் கொடிமரத்தடியில் கிடத்தி ஓட்டிவிட்டு வாருங்கள், ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். அல்லேலூயாக்காரர்களின் பழக்கமாக இருந்தால் இந்தச் சம்பந்தம் இன்றோடு சரி என்றார். எதுவாக இருந்தாலும் மூன்றாவது ஓலைக்கு முன் சாமியார் வாயால் தெரிய வேண்டும்.

சாமியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பேய் பிசாசு பேச்சை அவ்வளவாக விரும்பாதவர். அவருக்கும் இது சங்கடம். என்னைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பேயோட்டும் மந்திரிப்புக்கான லத்தீன் புத்தகத்தை மேஜையில் திறந்து வைத்திருந்தார். கற்றிராத பாஷையைப் பேசுவது பேய் பிடித்ததற்கு ஒரு அறிகுறி என்று அதில் இருந்தது. அதே காரியம் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களுக்கு வரமாகக் கிடைத்ததே வாத்தியாரே என்று தலையைச் சொறிந்தார். நான் உடனே பதில் சொன்னேன். திருச்சபை நாற்றாக இருந்தபோது தண்ணீர் பாய்ச்சினார்கள், நடவு முடிந்த பிறகு நாற்றங்காலுக்கு எதற்குச் சாமி தண்ணீர் என்றேன். இஸ்பிரீத்து சாந்துவின் வரங்கள் ஏழு, அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பவன் நான், பாஷை அந்த ஏழில் இல்லை என்றேன். அவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். குருமடத்திலிருந்து திரும்பியபின் ஒரு சாமியார் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பார்வைக்காக நான் இன்னும் என்னவெல்லாமோ சொல்லியிருப்பேன்.

பேயா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு செம்பில் மந்திரித்த தீர்த்தம், இன்னொன்றில் வெறும் கிணற்றுத் தண்ணீர். எது எதுவென்று சொல்லாமல் கொடுப்பது. பேய் இருந்தால் தீர்த்தத்தைக் கண்டு மிரளும். செம்புகளை நான்தான் வைத்தேன். கொட்டை வறுத்த அடுப்பிலிருந்து அவளை நேராக அழைத்து வந்திருந்தார்கள். வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். முதல் செம்பை அண்ணாந்து குடித்தாள், இரண்டாவதையும் குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு செம்பு கிடைக்குமா என்று கேட்டாள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சாமியாரும் சிரித்தார்.

ஆக, பேய் இல்லை. வரம் என்று சொல்லும் தைரியம் அந்த அறையில் யாருக்கும் கிடையாது. சொன்னால் சாமியார்களுக்கு மேலே இருக்கும் மேற்றிராணியார் கேட்பார், கல்யாணமும் நிற்கும். மீதி இருந்தது ஒன்றுதான். நீ ஒருநாள் உட்கார்ந்து கேள், அது ஒரு பாஷைதானா என்று எனக்குச் சொல் என்றார் சாமியார்.

கேட்டேன். வீட்டில், மாலை ஜெபத்தில், அது மறுபடியும் வந்தபோது ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். லத்தீன் இல்லை என்று தெரிந்தது. வேறு எது என்று தெரியவில்லை. வெறும் ஓசை என்று சொல்லவும் முடியவில்லை, மொழி என்று சொல்லவும் முடியவில்லை. ஒரு இடத்தில் அவள் குரல் தழுதழுத்தது. அது துக்கமா சந்தோஷமா என்பதுகூட எனக்குப் பிடிபடவில்லை. சாமியாரிடம் போய் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. ஊரில் லத்தீன் தெரிந்த ஒரே ஆள் எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதா? அத்தோடு கல்யாணம் வேறு. இரண்டையும் ஒரே பொய்யில் காப்பாற்றலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவள் என்னிடம் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று சாமியாரிடம் சொன்னேன். அரியலூரில் கேட்டதை விளையாட்டாகப் பேசிப் பார்த்தாள், கோயிலில் வாய் தவறி வந்துவிட்டது, பூசையில் கேட்ட லத்தீன் துண்டுகளும் அதில் கலந்திருக்கின்றன, எனக்குத் தெரிகிறது என்றேன். நடிப்புதான், சாமி.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இதற்கு எங்களிடம் ஏற்பாடு இருந்தது. தப்பு செய்தவர்கள் ஞாயிறு பூசையில் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியருகே முட்டி போட்டு, எல்லோரும் கேட்க மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்தது. அன்றே மூன்றாவது ஓலையையும் வாசித்துவிடலாம். மாப்பிள்ளையின் அப்பாவும் சம்மதித்தார். சின்னப் பொண்ணு விளையாட்டு, சரி போகட்டும் என்றார்.

தங்கையிடம் அதை நான் சொன்னபோது அவள் உடைத்த பருப்பைப் பானையில் கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"நான் எப்பண்ணே உங்கிட்ட அப்படிச் சொன்னேன்?"

சொல்லவில்லை, உன் நன்மைக்குத்தான் என்றேன். ஒரு நிமிஷம் முட்டி போட்டால் போதும், பெரம்பலூர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றேன்.

"பேயின்னு சொல்லு, கொடிமரத்துல கட்டு, கெடக்குறேன். பைத்தியம்னு சொல்லு, அதையும் கேட்டுக்கிறேன். அதெல்லாம் மத்தவங்க நெனப்பு. நடிச்சேன்னு நான் என் வாயால சொன்னா, அது என் பொய்யாயிடும். சாமிகிட்ட பேசுன வாயிண்ணே இது."

சாமியிடம்தான் பேசினாய் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாத்தியார் புத்தி.

"தெரியாது. ஆனா நான் வேற யார்கிட்டயும் பேச ஒக்காரலியே."

அந்த ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது. மாப்பிள்ளையும் பெரம்பலூரிலிருந்து கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் வந்து ஆண்கள் பக்கத்தில் நின்றிருந்தான். பிரசங்கத்துக்குப் பிறகு சாமியார் அவளைக் கூப்பிட்டார். அவள் எழுந்து நடுவழியில் நடந்து வந்தாள், கிராதிக்கு முன்னால் முட்டி போட்டாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்து அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

"சாமி, என் வாயில வந்தது என்னன்னு எனக்குத் தெரியாது. கெட்டதுன்னா ஓட்டிவுடுங்க. நல்லதுன்னா வுட்டுடுங்க. ஆனா நான் நடிக்கல. நடிச்சேன்னு எங்கண்ணன் சொன்னது நெசமில்ல. இங்கதான் நிக்கிறாரு, கேட்டுப் பாருங்க."

சாமியார் என்னைப் பார்த்தார். அவர் மிரட்டவில்லை, தயவாகத்தான் கேட்டார். என்ன வாத்தியாரே என்றார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்வேசுரனுடைய சந்நிதியில் பொய் சொல்லக்கூடாது என்று முந்தைய வாரம்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"எங்கிட்ட சொன்னா சாமி. இப்ப பயத்துல மாத்திப் பேசுறா" என்றேன்.

பயத்தில் பேசியது யார் என்று அந்தக் கோயிலில் இரண்டு பேருக்குத் தெரியும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்தேன். தெரியாத ஆளைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிராதியைப் பிடித்து எழுந்து, வந்த வழியே நடந்துபோய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். பூசை முடியும் வரை வெளியே போகவில்லை. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. மாப்பிள்ளை அதே பஸ்ஸில் திரும்பிப் போனான்.

மன்னிப்புக் கேட்கும் வரை அவளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கிடையாது என்று சாமியார் சொல்லிவிட்டார். அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது, அவள் கதவோரத்தில் தன் இடத்திலேயே எழுந்து நிற்பாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று நிற்பாள். சேதி கேட்டு அரியலூர் வெள்ளைச் சேலைக்காரர்கள் தேடி வந்தார்கள். எங்களோடு வந்துவிடு என்றார்கள். தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், மாதா படத்தை இறக்கச் சொன்னார்கள். "என்னைய நம்புறதுக்கு மாதா ஏன் எறங்கணும்" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினாள். சாமியார் மாறிப்போய், அடுத்து வந்தவர் எந்தக் கேள்வியும் இல்லாமல் அவளுக்கு நன்மை கொடுத்த நாள் வரை, சில வருஷங்கள், அப்படியே போயின. கல்யாணம் என்று பிறகு யாரும் வரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கும் ஏழு வரங்களை மனப்பாடம் செய்வித்தேன். ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, திடம் என்று அவர்கள் வரிசையாகச் சொல்லும்போது, திடம் என்ற இடத்தில் நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பாஷையைத் தேடிக்கொண்டிருந்த நான், ஏழில் ஒன்று கிராதிக்கு முன்னால் முட்டி போட்டிருந்ததைப் பார்த்தும் பொய் சொன்னவன்.

இப்போது இரண்டு கூட்டத்துக்கும் சொல்கிறேன்.

ஜெபக்குழுக்காரர்களே, நீங்கள் மாலை போட்டுக் கொண்டாட என் தங்கையைத் தர மாட்டேன். நேற்று வரை பேய் என்ற அதே காரியத்தை இன்று வரம் என்கிறீர்கள். கோயிலும் அதே கோயில். அன்று செய்தது தப்பு என்று யாராவது கிராதிக்கு முன்னால் வந்து சொன்னீர்களா? உங்கள் ஹாலில் வரம் வராதவனைக் குறைந்த விசுவாசி என்று பார்க்கிறீர்கள் என்றும் கேள்விப்படுகிறேன். வராததற்கு ஒருவனை வெட்கப்பட வைப்பதும், வந்ததற்கு ஒருத்தியை வெட்கப்பட வைத்ததும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

என் மாணவர்களே, நாற்றங்கால் கதையை இன்னும் சொல்கிறீர்கள். நான் சொல்லிக் கொடுத்ததுதான், தெரியும். அப்போஸ்தலர்களோடு வரங்கள் நின்றுபோயினவா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் படித்த புத்தகங்கள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. ஆனால் என் தங்கை நடித்தாள் என்பதை உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக வைக்காதீர்கள். அந்தச் சாட்சி பொய். அன்று எல்லோர் முன்னாலும் சொன்னதை இன்று எல்லோர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்வீர்களானால், சொல்லிக்கொள்ளுங்கள். அது உங்கள் நினைப்பு.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் வாசித்துக் காட்டினேன். கண் சரியாகத் தெரிவதில்லை அவளுக்கு. இத்தனை வருஷமாக நாங்கள் ஒரே தெருவில் இருக்கிறோம். தீபாவளிக்கும் பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கும் பலகாரம் கொடுத்து வாங்குகிறோம். அந்த ஞாயிறைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நான் வாசிக்க, அவள் முந்திரிப் பருப்பின் தோலைத் தடவித் தடவி உரித்துக்கொண்டே கேட்டாள். எருமை வந்த இடத்தில் சிரித்தாள். அந்த எருமை மூன்றாம் நாள் தானாகவே வீட்டுக்கு வந்தது, அதை எழுதவில்லையே என்றாள். கிராதி வந்த இடத்தில் கை நின்றது.

முடித்ததும் நான் அவளிடம் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. அவள்தான் கேட்டாள்.

"அது என்ன பேச்சுன்னு இப்பவாவது ஒனக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது."

அவள் உரித்த தோலை ஊதித் தள்ளினாள்.

"எனக்கும் தெரியாது. ரெண்டையும் சேத்து எழுதிக்க" என்று சொல்லிவிட்டு, முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.